எட்டாவது ஆள்

நவம்பர் 6

மில்லர்புரம் பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு. நிச்சயமின்மையைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள். பலகையில் எழுதியது: யுவர் கெஸ் இஸ் ஆஸ் குட் ஆஸ் மைன். உன் ஊகத்துக்கு என்ன மதிப்போ அதேதான் என் ஊகத்துக்கும். அதாவது, எனக்கும் தெரியாது.

காயல்பட்டினத்து அஸ்கர் எழுந்தான். துபாய் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவன்.

“மிஸ், சம்பளம் எவ்ளோ எதிர்பாக்கேன்னு கேட்டா இதச் சொல்லலாமா?”

“சொல்லு. அடுத்த பிளைட்ல ஊருக்கு அனுப்பிருவான்.”

“டிக்கெட் அவன்தான போடுவான்? அப்ப சரி.”

சிரிப்பு. சமமானவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது, மேலதிகாரியிடம் சொன்னால் திமிர் என்று விளக்கினேன்.

அண்ணன் கொச்சிக்குப் போய் மூன்று நாள். கப்பல் தளத்தில் பெயின்ட் வேலை என்றான். போன் அணைந்தே கிடக்கிறது.

நவம்பர் 8

காற்று. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

நவம்பர் 9

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணி ஒன்று இன்னும் போய்ச் சேரவில்லை. எட்டுப் பேர். வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. மூன்றாம் தேதி மாலை கிளம்பியதாம்.

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனதும் மூன்றாம் தேதிதான்.

ஒரு ஊரில் ஒரே நாளில் எத்தனையோ பேர் கிளம்புவார்கள்.

நவம்பர் 10

நாளிதழில் எட்டுப் பெயர். அண்ணன் பெயர், ஞானதீபம், இல்லை. இரண்டு முறை படித்தேன். இல்லை.

மாலையில் எதிர்வீட்டு ஜெபசுதா சொல்லுகிறாள் — எட்டாவது பெயர், அண்ணனோடு முன்பு தோணியில் போன மாப்பிள்ளையூரணி தங்கதுரை, அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். அவன் பெயரில் வேறு யாரோ ஏறினார்களாம்.

இங்கே நடப்பதுதான். ஆள் பட்டியலைத் திருத்த ஒரு நாளாவது ஆகும். சரக்கேறிய தோணி அதற்காகக் காத்திராது. முடியாதவன் தன் மாலுமிப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவான். அதை வைத்துக்கொண்டு இன்னொருவன் ஏறுவான். கரைக்குத் திரும்பியதும் புத்தகம் உரியவனிடம் போய்விடும். யாரும் கேட்பதில்லை.

அண்ணனின் புத்தகம் மார்ச்சிலேயே காலாவதி. அவன் பெயரில் அவன் ஏற முடியாது. புதுப்பிக்கச் சொன்னபோது சிரித்தான். “போளா ஜெப்ஸி, கடல் என்ன புத்தகத்தயா பாக்கும்?”

கொச்சியில் எந்தத் தளம்? கேட்டேனா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

நவம்பர் 11

தோணியின் ஏஜென்ட் அலுவலகம். மந்திரமூர்த்தி அண்ணாச்சி.

“எட்டாவதா ஏறுனது யாரு, அண்ணாச்சி?”

“லிஸ்ட்ல இருக்கவன்தான்.”

“அவன்தான் ஏறுனானா?”

காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். “யுவர் கெஸ் இஸ் ஆஸ் குட் ஆஸ் மைன். நீங்க இங்கிலீஷ் மிஸ்ஸுல்லா, ஒங்களுக்கு நான் அர்த்தம் சொல்லணுமா?”

அர்த்தம் தெரியும். இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறோம் என்பது அர்த்தம். ஆனால் சரக்கு ஏறும்போது இவர் ஆட்கள் அங்கே நின்றார்கள். இவரிடம் பட்டியல் இருக்கிறது, தோணி முதலாளியின் போன் நம்பர் இருக்கிறது. என்னிடம் ஊகம் மட்டும்.

தெரிந்தவனும் இதைச் சொல்லலாம். சொல்லிவிட்டால் எதிரே இருப்பவள் மேற்கொண்டு கேட்க முடியாது. வகுப்பில் இந்தப் பயன்பாட்டை நான் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது.

நவம்பர் 12

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உடனே செருப்பை மாட்டினாள். இருவரும் மாப்பிள்ளையூரணிக்குப் போனோம்.

தங்கதுரையின் மனைவி பிரேமா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

“ஒம் மாப்பிள்ள தோணியில போனாராம்மா?” என்றாள் அம்மா.

“அவருதான் போனாரு.”

“வேற யாரும் இல்லியே?”

“அவருதான்.” என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பும்போது ஆட்டோவில் அவள் முகம் தெளிந்திருந்தது. “அப்ப நம்ம பய கொச்சியிலதான் இருக்கான். வரட்டும், செவுளப் பேத்துருதேன்.”

அழுதது அம்மா. பிரேமா அழவில்லை. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 13

கோயிலில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். எட்டுப் பேருக்காகவும் என்று சொல்லிக்கொண்டாள்.

பொய். அண்ணன் உயிரோடு இருக்க வேண்டுமானால் தங்கதுரை அந்தத் தோணியில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் மண்டியிட்டது அதற்குத்தான். அம்மாவுக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நவம்பர் 15

கடலில் அந்தத் தோணியின் பலகைத் துண்டுகள். தேடுதலை நிறுத்திவிட்டார்கள்.

நவம்பர் 16

அஸ்கருக்கு வேலை கிடைத்துவிட்டது. மிட்டாய் கொடுத்தான். வாங்கி மேசையில் வைத்தேன்.

கொச்சியில் பதினொரு எண்களுக்குப் பேசியாயிற்று. அப்படி ஒரு ஆள் வரவில்லை என்று பதினொரு பேரும் சொன்னார்கள்.

நவம்பர் 17

காலை பத்து மணி. கதவு தட்டும் சத்தம். நான் எழுவதற்குள் அம்மா திறந்துவிட்டாள்.

தங்கதுரை.

“உயிரோட இருக்கியா, துரை!” — அம்மாவின் குரலில் சந்தோஷம் இருந்தது. உண்மையான சந்தோஷம். ஒரு நொடி. பிறகு அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வாசல்படி ஏறவில்லை. “ஆத்தூர்ல மாமனார் வீட்ல கெடந்தேம்மா. மொதலாளி வெளிய தலகாட்டாதன்னாரு. கேஸாயிரும், இனி ஒனக்குப் புத்தகமே தரமாட்டாங்கன்னு... பிரேமாவையும் அப்படிச் சொல்லவச்சது நான்தான். படுத்தா கண்ணு மூடமாட்டேங்கு.”

“உள்ள வா. வெயில்ல நிக்காத.”

உட்காரவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். நான் கத்தியிருக்க வேண்டும்.

அம்மா கேட்டாள். “கெளம்புறப்ப எம்புள்ள ஏதாச்சும் சாப்ட்டானாய்யா?”

“தெரியலம்மா. நான் கரைக்கே போகல. அவனுக்குப் புத்தகத்தக் குடுத்துவிட்டதோட சரி.”

அம்மா தலையசைத்தாள். தம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.