அரசன் கொடுத்த காணி

1986 நவம்பர் 12, புதன்

இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலாக வாங்கும் மல்வேர்ன் வீட்டுக்கு நாளைக்குக் கையெழுத்து வைக்கப் போகிறோம். தொழிற்சாலை முதலாளி இவரை வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மன் ஆக்கி, வங்கியில் தானே பிணை நிற்பதாகவும் சொல்லியிருக்கிறார். அவரை நம்பித்தான் வீடு.

சாப்பிடும்போது மகள் சுமதி சரித்திரப் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். இங்கிலாந்தில் ரியூடர் அரசர்கள் காலத்தில் ஒரு சாதாரண ஆளை அரசனுக்குப் பிடித்துப்போனதாம். பதவியும், மடங்களிடமிருந்து பறித்த காணி நிலமும் கொடுத்தானாம். பிறகு தலையை வெட்டச் சொன்னானாம்.

"என்ன பிழை செய்தவன்?" என்று இவர் கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லையப்பா. ராசாவுக்குப் பிடிக்காமல் போச்சுது."

"காணி?"

"ராசா திருப்பி எடுத்திட்டார்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொழும்பில் இருந்தபோது இவரின் முதலாளியும் இவரைத் தம்பி, தம்பி என்றுதான் வைத்திருந்தார். எண்பத்துமூன்றில் தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தன்று, நாங்கள் தட்டத் தட்ட அவர் தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. அதைப் பற்றி இவர் ஒருநாளும் கதைத்ததில்லை.

கை கழுவிவிட்டு வந்து மெல்லக் கேட்டார்: "அவன்ரை மனுசி பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"

புத்தகத்தில் அது இல்லை என்றாள் சுமதி.

வீடு இப்போது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் நாளைக்குப் போடும் சட்டையை அயன் பண்ணத் தொடங்கிவிட்டார்.