முதலாளிக்குத் தெரியாத சோடா

சிவமயம்

உடுவில்,
12.06.1972

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நாங்கள் சுகமாய் இருக்கிறோம் என்று எழுத வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். கொழும்பில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன புதன்கிழமை எங்கள் மகள் பராசக்தியைப் பெண் பார்க்க அளவெட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் பெருமையாக உங்கள் கொம்பனிச் சோடாவையே உடைத்து வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. விரதமாம். புதன்கிழமை என்ன விரதம்? போகிற வழியில், சம்பந்தம் கொண்டுவந்த தம்பிஐயா அண்ணை வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். இது சரிவராது என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

காரணத்தையும் அவர்தான் சொன்னார். போன மாதம் இலங்கையைக் குடியரசாக்கிய நாளன்று, புதுச் சட்டத்தில் தமிழருக்கு ஒன்றும் இல்லை என்று இங்கே ஊர் முழுக்கக் கடையடைப்பு, கறுப்புக்கொடி. உங்கள் முதலாளியும் சோடாத் தொழிற்சாலையைப் பூட்டி வாசலில் பெரிய கொடி கட்டினார். அதே நாள் நீங்கள் பார்க்கிற கொழும்புக் கடையில் கொம்பனியின் பெயரைப் போட்டு, குடியரசைக் கொண்டாட வந்த சனத்துக்கு இலவசமாகச் சோடா கொடுத்தீர்களாம். பேப்பரில் படமும் வந்திருக்கிறது. படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்களாம்.

நேற்று முதலாளி ஆழ்வாப்பிள்ளை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். இத்தனை வருடத்தில் எங்கள் படலையைத் திறந்தறியாத மனிதர். "உங்கடை மனுசன் தன்ரை விருப்பத்துக்குச் செய்துபோட்டார், தங்கச்சி. கொம்பனிக்குத் தெரியாதெண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்பச் சொல்லுங்கோ. நான் பேப்பரிலை போடவேணும்" என்றார். எழுதினால் வேலை இருக்குமாம். எழுதாவிட்டால் என்னவென்று சொல்லாமல் எழுந்து போனார்.

ஒரு போத்தல் உடைந்தாலே உங்களைக் குடைந்தெடுக்கிறவருக்கு ஒரு லொறிச் சோடா போனது தெரியாதா? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆள். அன்றைக்குக் கொழும்புக் கடையைப் பூட்டியிருந்தால் கல்லெறியில் கண்ணாடி மிஞ்சியிராது, அது எனக்கும் விளங்குகிறது. பயந்து கொடுத்தோம் என்று சொல்லட்டும். இல்லையென்றால் இரண்டு ஊரிலும் வாயை மூடிக்கொண்டு சோடாவை விற்கட்டும்.

உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அத்தான். போன கடிதத்தில் கொழும்பு மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் சொல்லித்தான் செய்தீர்களா? நீங்களாகச் செய்திருந்தாலும் என்னிடம் மறைக்காமல் எழுதுங்கள், தாங்குவேன். செய்யாததைச் செய்தேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு மட்டும் வீட்டுக்கு வராதீர்கள்.

சந்நிதி முருகன் உங்கள் வலக்கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
கனகாம்பிகை