மேகலா மீன் கடை, சீனிவாசபுரம்

சீனிவாசபுரம்,
14.6.2025

தம்பி டில்லிபாபுவுக்கு அக்கா தேவானை எழுதுவது.

நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

வக்கீல் மூலம் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதக் கை வராது. நான் பேசப் பேச இதைப் போனே எழுதுகிறது. மேகலா சொல்லிக்கொடுத்த வித்தை. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துத் தபாலில் போடுகிறேன். ஜெயிலில் பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும்.

அம்மா சாகும்போது நீ இடுப்புப் பிள்ளை. தலையில் மீன்கூடை, இடுப்பில் நீ என்று மயிலாப்பூர்த் தெருவெல்லாம் சுற்றியவள் நான். தாய்மாமன் இருக்க வெளியில் எதற்கு என்று என் ஒரே மகளை உனக்கே கட்டிக்கொடுத்தேன். போன ஆடியில் அவளைக் கொன்றாய். இப்போது, "வழுக்கிக் கத்திமேல் விழுந்துட்டாள்னு கோர்ட்ல சொல்லு அக்கா" என்கிறாய்.

நான் மார்க்கெட்டிலிருந்து வந்து வாசலில் நின்றபோது பார்த்தது இது. அவள் தலைமுடி உன் இடது கையில் சுற்றியிருந்தது. வஞ்சிரம் வெட்டும் கத்தி உன் வலது கையில். "போன் எங்கடி, போன் எங்கடி" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாய். அவள் கத்தியை வெறுங்கையால் பிடித்திருந்தாள். விரல்கள் தோலில் தொங்கின. அலுமினியக் கூடையால் உன் முதுகில் அடித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழுக்கி விழுந்தவளுக்கு உள்ளங்கை எப்படிக் கிழியும், தம்பி?

நீ கேட்ட போன் அப்போது என் இடுப்புப் பையில் இருந்தது. ஆர்டர் வரும் என்று காலையில் என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அன்று அந்தக் கத்தி என் கைக்குக் கிடைத்திருந்தால் அதாலேயே உன்னையும் வெட்டியிருப்பேன். போலீஸ் முந்திக்கொண்டது. ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது. சாட்சி சொல்வதை அப்புறம் பார்க்கலாம்.

தேவானை

*

புழல்,
25.6.2025

அன்புள்ள அக்காவுக்கு, டில்லி கண்ணீரோடு எழுதிக்கொள்வது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்னைப் பெற்றவள்போல வளர்த்த நீயே வெட்டுவேன் என்கிறாய்.

ஏன் என்று கேட்டாய். உன் மகள் கெட்டுப்போனாள். அதுதான் காரணம். அவள் போனுக்கு வரும் ஆம்பளைகளைப் பற்றிக் கடற்கரையில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். "இன்னா மச்சி, உன் பொண்டாட்டி மீன விக்கிறாளா, வேற எதுனா விக்கிறாளா?" என்று முகத்துக்கு நேரே கேட்டான் என்னோடு படகில் வரும் நாகராஜ். அவன் பல்லை உடைத்தேன். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. புது சிம் ஒன்று வாங்கி, கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை படகு நிழலில் உட்கார்ந்து அவள் நம்பருக்கு "ஹாய்" என்று மட்டும் போட்டேன். ஆள் யார், எவர் என்று ஒன்றும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது: "வணக்கம்! உங்க மெசேஜைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். கொஞ்ச நேரத்துல நானே உங்ககிட்ட பேசறேன். அன்புடன் மேகலா."

கட்டின புருசன் ரெண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பவள், முகம் தெரியாதவனுக்கு அந்த நொடியே அன்புடன் என்று எழுதுகிறாள். மறுநாள் ரத்தம் தலைக்கேறிவிட்டது. செய்துவிட்டேன். போனவள் வரமாட்டாள். நானும் போய்விட்டால் உனக்குக் கொள்ளி வைக்க யார் அக்கா?

உன் தம்பி,
டில்லி

*

சீனிவாசபுரம்,
9.7.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை வேறு யாரிடமும் படிக்கக் கொடுக்க வெட்கமாக இருந்தது. நானே எழுத்துக் கூட்டினேன். "அன்புடன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நந்தனத்தில் பெண்களுக்குப் போனில் வியாபாரம் செய்யச் சொல்லித்தந்த வகுப்புக்கு அவளை அனுப்பியது நான்தான். அங்கே வஜீஹா என்ற பெண் அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாள். விடியலில் கரைக்கு வந்த மீனை மேகலா வீடியோ எடுப்பாள். அபிராமபுரம் ஃபிளாட்டுக்காரர்கள் பார்த்து, சங்கரா இவ்வளவு, இறால் இவ்வளவு என்று போடுவார்கள். வெட்டிக் கழுவி நானும் அவளும் ஆட்டோவில் கொண்டுபோவோம். முகம் தெரியக் கூடாது என்று நீ சொன்னதால் வீடியோவில் அவள் கை மட்டும்தான் வரும். செவுளைப் பிரித்துக் காட்டும் கை. "மேகலா கை" என்றே அந்த வீட்டம்மாக்கள் சொல்வார்கள்.

அந்தக் கையா உனக்கு அப்படி எழுதியது? அவள் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

நாட்டார் சுப்பராயன் குப்பத்துத் தலைவராகப் பஞ்சாயத்து பேச வந்திருந்தார். "இன்னா தேவான, செத்தவளுக்காக உசிரோட கீறவன ஜெயில்ல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஊரு சொல்றத கேளு" என்றார். அவர் போன பிறகு யோசித்தேன். எனக்கும் உன்னை விட்டால் யார்? நீ கேட்டபடி சொல்லிவிடலாம் என்றுதான் மனசு போகிறது.

கால் வீங்கிப்போய்க் கூடை தூக்க முடியவில்லை. அவள் போனை வைத்து மறுபடி வியாபாரம் ஆரம்பித்திருக்கிறேன். பழைய வீட்டம்மாக்களுக்கு எல்லாம் நானே முதலில் வீடியோ அனுப்பினேன். இப்போது வீடியோவில் வருவது என் கை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டர் மட்டும் போட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

புழல்,
20.7.2025

தெய்வமே, என் அக்காவே,

கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீ என் பக்கம் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். வக்கீல் சொல்லித் தருவதை மாற்றாமல் சொல். தரை ஈரம், வழுக்கினாள், விழுந்தாள். அவ்வளவுதான். நடுவில் அழுது கெடுத்துவிடாதே.

இன்னொன்று. அந்தப் போனைத் தூக்கிக் கடலில் போடு. பொம்பளை கையில் போனைக் கொடுத்ததால்தான் ஒரு குடும்பமே அழிந்தது. நான் வெளியே வந்து வஞ்சிரம், வவ்வால் என்று உன் காலடியில் கொட்டுகிறேன், நீ வீட்டில் உட்கார். அந்த வஜீஹாவையும் வெளியே வந்ததும் ஒரு கை பார்க்கிறேன். சொல்லிக்கொடுத்த வாயைக் கிழித்தால்தான் என் மனசு ஆறும். நீயும் அவளோடு சேராதே. அப்புறம் அக்கா என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

ஆடி பிறந்துவிட்டது. எனக்கும் சேர்த்து ஆத்தாவுக்குக் கூழ் ஊற்று.

டில்லி

*

சீனிவாசபுரம்,
5.8.2025

டில்லிபாபுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் கூழ் ஊற்றினோம். போன வருஷம் போலவே கோயில் வாசலில் பெரிய பானையில் துடுப்புப் போட்டுக் கிண்டினேன். எதிர்த் துடுப்பு போன வருஷம் மேகலாவிடம் இருந்தது. இந்த வருஷம் வேறு பெண். கை முழுக்க மாவு என்பதால் போனை வீட்டில் சார்ஜில் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். அபிராமபுரத்துக்குப் புதிதாக வந்த அம்மா, "நெத்திலி கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள். அதற்கு அடியிலேயே, அதே நிமிஷத்தில், பதில். "வணக்கம்! உங்க மெசேஜைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். கொஞ்ச நேரத்துல நானே உங்ககிட்ட பேசறேன். அன்புடன் மேகலா."

பூட்டிய வீடு. செத்துப்போன மகள். போனைத் தூக்கிக்கொண்டு வஜீஹாவிடம் ஓடினேன்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. புதுசா யாரு மெசேஜ் போட்டாலும் போன் தானா அனுப்பற வணக்கம் இது. வகுப்புல மேகலா டைப் பண்ணி வெச்சது. அவ தூங்கினாலும் போவும்" என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

நீ கடிதத்தில் எழுதிய நாளை வைத்து உன் புது நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். போன ஆடி ஞாயிறு, நீ போட்ட "ஹாய்". அடியில் அதே வணக்கம். அந்த நேரத்தில் என் மகள் எனக்கு எதிரே நின்று, முழங்கை வரை மாவோடு, புகையில் கண் கசியக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நாங்கள் திரும்பிவந்த பிறகு, "மீன் வேணுமா? பேரு சொல்லுங்க" என்று அவள் தன் கையால் கேட்டதும் அதற்குக் கீழே இருக்கிறது. நீ அதற்குப் பதில் போடவில்லை. மறுநாள் கத்தியோடு வந்தாய்.

உனக்குப் பதில் சொன்னது ஒரு இயந்திரம். அதற்காகத்தான் அவள் வயிற்றைக் கிழித்தாய்.

ஆனால் கேள். அவளே எழுதியிருந்தாலும், ஊரில் உள்ள ஆம்பளைக்கெல்லாம் எழுதியிருந்தாலும், அவளைத் தொட்டு அடிக்கக்கூட உனக்கு உரிமை கிடையாது. இது புரிய எனக்கு வஜீஹா வேண்டியதில்லை. போட்டோவைத் திருப்பி வைத்த அன்றே புரிந்திருக்க வேண்டும். இப்போது அவள் முகம் வாசலைப் பார்த்து இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோர்ட். உன் ரெண்டு கடிதத்தையும் போனையும் அரசு வக்கீலிடம் காட்டிவிட்டேன். வாசலில் நின்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். தலைமுடி, கத்தி, தொங்கிய விரல், எதையும் விடமாட்டேன். நாட்டாரிடமும் சொல்லியாயிற்று. "தம்பியவே காவு குடுக்கிறியே" என்றார். "மகளக் குடுத்தாச்சே, அப்ப நீ எங்கய்யா இருந்த?" என்றேன்.

வணக்கத்தில் இருக்கும் பேரை மாற்றிவிடலாமா என்று வஜீஹா கேட்டாள். வேண்டாம் என்றேன். கடை அவளுடையது. புதிதாக யார் வந்து கேட்டாலும் என் மகள்தான் முதலில் பேசுவாள்.

உனக்குப் பதில் சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. இனி எழுதாதே.

மேகலாவின் அம்மா