தோள் தேயாத உடுப்பு

மார்ச் 4, திங்கள்

போன் ஒரு தடவை அடித்து நின்றது. மணி இரண்டு பத்து. தம்பி தரையிறங்கிவிட்டான். சாப்பிட்டேன். பள்ளிச் சீருடை ஆறு தைத்து முடிந்தது, இன்னும் பதினொன்று.

மார்ச் 7, வியாழன்

ஒன்று நாற்பதுக்கு அடித்தது. சாப்பிட்டேன்.

சாயங்காலம் தம்பி கால்சட்டை ஒன்றைக் கொடுத்தான். பின்பக்கம் நைந்து பளபளவென்று இருந்தது. "உனக்கு மட்டும் விமானத்துல அரத்தைப் போட்டு உக்கார வெச்சிருக்காங்களாடா?" என்றேன். சிரித்தான். உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலை நடைக்குப் போன தம்பி மைதானத்தில் விழுந்துவிட்டான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

மார்ச் 13

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

பத்தொன்பது வருஷம் கடலுக்குப் பயந்தேன். மைதானத்தில் போனான்.

நான் ஐந்தாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தேன். அவன் படித்தான். கடற்படையில் விமானம் ஓட்டும் அதிகாரி ஆனான். சேர்ந்த புதிதில் அவர்களுடைய விமானம் ஒன்று கடலில் விழுந்தது. அவன் அதில் இல்லை. ஆனால் சாயங்காலம் வரை அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அவனே செய்த ஏற்பாடு இது. தரையில் இறங்கியதும் போனில் ஒரு தடவை அடித்து வைத்துவிடுவான். அது அடிக்கும் வரை நான் சாப்பிட மாட்டேன்.

இப்போது போன் அடிப்பதில்லை. தட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 23, சனி

மிஷினில் தலை சுற்றியது. ஊசி விரலில் ஏறிவிட்டது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க வருகிறவள் கட்டுப் போட்டாள். "இப்படியே பட்டினி கிட. அடுத்த வாரம் உன்னையே ஊசியில கோத்துத் தைக்கலாம்." அவளுக்காக இரண்டு வாய் தின்றேன். வாந்தி.

மார்ச் 26, செவ்வாய்

தம்பிக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரி வந்தான். நெட்டை. நிலைப்படியில் குனிந்து வந்தும் இடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை கடற்படைத் தளத்தில் எல்லாரும் கூடுகிறார்கள். தம்பியின் பணியைப் பற்றி எழுதியதை வாசிப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவனே படித்துக் காட்டினான். பதின்மூன்று வருடம் பறந்தார். கப்பல் தளத்தில் இறங்கியது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. பிறகு கட்டுப்பாட்டு அறை.

நான் நிறுத்தினேன். "தப்பா இருக்கு தம்பி. ஆறு வருஷத்தை முழுங்கிட்டீங்க. பத்தொன்பது வருஷம்."

அவன் காகிதத்தையே பார்த்தான்.

"எழுதுனவங்களைக் கேட்டு மாத்திட்டு வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

"அக்கா..." என்றான். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்க்கா."

ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டர்கள் பார்த்ததில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததாம். பறக்கக் கூடாது என்றுவிட்டார்களாம். அதிலிருந்து ஒரு அறையில் உட்கார்ந்து, இறங்குகிற விமானங்களுக்கு வழி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"வேணும்னா அந்த வரியை எடுத்துடறோம்க்கா. பறந்ததை மட்டும் வாசிக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 27, புதன்

பீரோவைத் திறந்து அவன் உடுப்பை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். பறக்கும்போது போடும் முழு உடுப்புக்குத் தோள்தான் முதலில் போகும். இருக்கையின் பட்டை அறுத்து அறுத்து நூல் பிரியும். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தோள் தைத்திருக்கிறேன். கடைசி உடுப்பில் தோள் புதுசாகவே இருக்கிறது. நல்ல துணி என்று நினைத்துக்கொண்டேன். கால்சட்டையோ எல்லாம் பின்பக்கம் ஒட்டுப் போட்டது. எல்லாம் என் கைத் தையல்தான்.

நான் தையற்காரி. ஆறு வருஷம் கையில வெச்சுப் பாத்திருக்கேன். அரம்னு கேலி வேற.

ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட கூட வந்திருப்பேன்ல? உன்னைக் காலையில தனியா நடக்க விட்டிருப்பேனா? தினம் தினம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ நாற்காலியில இருந்துக்கிட்டு போன் அடிச்சிருக்க. எதுக்குடா அடிச்ச? நீ கல்யாணம் வேண்டாம்னதும் இதுக்குத்தானா?

மார்ச் 28, வியாழன்

நெட்டை வந்தான். அதையே அவனிடம் கேட்டேன். நாற்காலியில் இருந்தவன் எதற்குப் போன் அடித்தான்?

"கடைசி ஆளு இறங்கினப்புறம்தான்க்கா அடிப்பாரு. ஒருத்தன் மேல இருந்தாலும் போனைத் தொடமாட்டாரு. யாருக்குன்னு கேட்டா 'சாப்பாட்டு மணி'ம்பாரு. எங்கள்ல பாதிப் பேருக்கு அவரு குரலைக் கேட்டாத்தான் இறங்கவே தைரியம் வரும்."

"என்கிட்ட ஏன் மறைச்சான்?"

"ஒரு தடவை கேட்டேன். 'நான் பறக்கணும்னு மிஷினை விட்டு எழுந்திருக்காதவ. அவகிட்டப் போயி என்ன சொல்ல'ன்னாரு."

எங்கள் தெருவுக்கே நான் விமானக்காரன் அக்கா. அந்த வரியை எடுத்தால் நாளைக்கும் அப்படியே இருக்கலாம்.

எடுக்க வேண்டாம் என்றேன். "கட்டுப்பாட்டு அறைன்னு எழுதினா எனக்கே புரியல. நான் சொல்றதை எழுதுங்க."

அவன் எழுதினான். கையெழுத்துப் போட்டேன். போகும்போது மறுபடியும் நிலையில் இடித்துக்கொண்டான்.

மார்ச் 29, வெள்ளி

வாசித்தார்கள். பதின்மூன்று வருடம் பறந்தார், பிறகு ஆறு வருடம் மற்றவர்களைப் பத்திரமாக இறக்கினார், ஒருவரையும் விடவில்லை. அந்த இடத்தில் வரிசையில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. கூட வந்த காஜாக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் கடுமை.

ஏப்ரல் 2, செவ்வாய்

தோள் தேயாத உடுப்பை மடித்து மேல்தட்டில் வைத்தேன். கால்சட்டைகளைக் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும்படி.

ஏப்ரல் 9, செவ்வாய்

சட்டைத் துணி நாலு வெட்டினேன். பகல் பன்னிரண்டரைக்குக் காஜாக்காரி தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். வெளியே ஒரு விமானத்தின் இரைச்சல், அது இன்னும் மேலேதான் இருந்தது.