பதிவறையில் இருந்த எட்டு மாதம்

என் அருமை ரமணி அக்காவுக்கு,

நேற்று உன் மேலதிகாரி ஆரியங்கோட்டுக்கு, நம் வீட்டுக்கு வந்திருந்தார். ரப்பர் தோட்டத்து வழியில் கார் ஏறாது என்று கீழேயே விட்டுவிட்டு, சேற்றில் நடந்தே வந்தார். சோதனை மேடையில் உன் ராக்கெட் எஞ்ஜின் நன்றாக எரிந்துவிட்டது அக்கா. முழு நேரமும், துளி கசிவில்லாமல். அதைச் சொல்லத்தான் வந்தாராம். உனக்குச் சொல்லலாமே என்று என் கை ஃபோனுக்குப் போய்விட்டது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நின்றுகொண்டே பாலிடெக்னிக் போனவள் நீ. பிறகு காட்டாக்கடையில் லேத் பட்டறை வேலை, மாலையில் பொறியியல் வகுப்பு. ராக்கெட் எஞ்ஜின் செய்யும் அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்து, நாலே வருஷத்தில் எஞ்ஜினியர் ஆனாய். உன் புது அடையாள அட்டையை அம்மை விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டது நினைவிருக்கிறதா?

எஞ்ஜினை எரிக்கவேண்டிய நாளுக்கு முந்தின மதியம் எனக்கு ஃபோன் செய்தாய். ஒரு வால்வில் கசிவு. அனுமதித்த அளவுக்குள்தான், ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் கூடுகிறது என்றாய். உன் கையெழுத்து இல்லாமல் எஞ்ஜினை எரிக்க முடியாது. மேலதிகாரி போடச் சொல்கிறார். நானும் அதையேதான் சொன்னேன்.

“அளவுக்குள்ள உண்டுன்னா போட்டுட்டு வா அக்கா. நீ ஒருத்தி எதுக்கு எல்லாரையும் பகைக்கணும்?”

“தெரிஞ்சதைத் தெரியாததுபோல எழுத எனக்கு முடியாதுடே” என்றாய்.

நீ போடவில்லை. சோதனை தள்ளிப்போனது. பழைய அறிக்கைகளை அடுக்கி வைக்கும் பதிவறைக்கு உன்னை மாற்றினார்கள். பதவி உயர்வு என்று அம்மையிடம் சொல்லச் சொன்னாய், சொன்னேன். அவள் பாயசம் வைத்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். நீயும் ஒரு டம்ளர் குடித்தாய். எப்படிக் குடித்தாய் அக்கா?

எட்டு மாதம் கழித்து வால்வைத் திறந்தபோது உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் விண்டு பிளந்திருந்தது. எரித்திருந்தால் சோதனை மேடையே போயிருக்குமாம். திரும்பக் கூப்பிட்டார்கள், மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நீயோ அந்த அறையில் இருந்த கசிவு அறிக்கைகளை ஒன்றுவிடாமல் படித்து, புது வால்வுக்கு வரைபடமே போட்டு வைத்திருந்தாய். அதுவே உன் ஆராய்ச்சி ஆயிற்று. அந்த வால்வோடு எஞ்ஜின் எரிவதைப் பார்க்கத்தான் நோய் உன்னை விடவில்லை.

நேற்று பதிவறைப் பேச்சை அவரே எடுத்தார். தரையைப் பார்த்தபடி மலையாளத்தில் சொன்னார். ரமணி செய்ததுதான் சரி, அதற்கு எட்டு மாதம் பதிவறையில் உட்காரவைத்துத் தண்டித்தது நான், என்னை மன்னிக்கவேண்டும் என்று.

அம்மை என் பக்கம் திரும்பினாள். “பிரமோஷன்னு சொன்னியே மக்கா?”

நான் சாயா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“எட்டு மாசம் எம்பிள்ளை ஒத்தைக்கா இருந்து சோறு தின்னா?”

அடுத்த முறை எரிக்கும்போது அம்மை வந்து பார்க்கவேண்டும், அழைத்துப்போக வண்டி அனுப்புகிறேன் என்றார் அவர்.

“எஞ்ஜின் எனக்கு மனசிலாவாது சாரே. அவ இருந்த முறியைக் காட்டித் தருவியளா?”

அந்த அறையைக் காட்டுவதாக அவர் தலையை ஆட்டினார். சாயா ஆறிக் கிடந்தது.

சனிக்கிழமை அம்மையைக் கூட்டிப்போகிறேன். வண்டி வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்கிறாள். அன்று கையெழுத்துப் போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த அறைக்குள் அவள் கால் வைக்கும் முன்னே அதைச் சொல்லிவிடுவேன். உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை அவளிடம் கேட்பேன். இது உறுதி அக்கா.

உன் பக்கம் நிற்காமல் போன,
உன் தம்பி பிரகாஷ்