விசிலுக்கு நிற்காதவன்

1974 பிப்ரவரி 12, செவ்வாய்

ஐந்தாம் வகுப்புக்கு இன்று ஹாக்கி பழக்கினேன். விசில் கேட்டதும் மட்டையைச் சாய்த்துப் பந்தை நிறுத்த வேண்டும். எல்லோரும் நிறுத்தினார்கள். அந்தோணி மட்டும் பந்தை உருட்டிக்கொண்டே சுவர்வரை போனான்.

"ஏலே செவிடா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். திமிர் என்று நினைத்து அவன் காதைத் திருகினேன். விரலில் ரத்தம் ஒட்டியது.

"நேத்து அப்பாகூட கடலுக்குச் சங்கு குளிக்கப் போனேன் டீச்சர். தண்ணிக்கடியில காது டொப்புன்னுச்சு. அப்பாட்ட சொல்லிராதிய."

"நாளைக்கும் போறியா?" என்று அவன் மறுகாதருகே குனிந்து கேட்டேன்.

"ஆமா. இன்னும் ஆழமாம்."

மணி அடித்துப் பிள்ளைகள் கலைவதைப் பார்த்ததும் அவனும் ஓடிவிட்டான். நாளைக்கு அவனுக்கு விடுப்பு வேண்டுமென்று அவன் அப்பா காலையில் வந்து கேட்டபோது, எதற்கு என்றுகூட விசாரிக்காமல் சரி என்றவள் நான்தான். விடியுமுன் படகு கிளம்பிவிடும். அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.