பழைய முகவரிக்கு முதலிடம்

12 அக்., திங்கள்

மழை. ஷட்டரைத் தூக்குவதற்குள் பாதி நனைந்தேன். பிரவுசிங் சென்டரில் ஏழு கம்ப்யூட்டரும் முழிக்கின்றன. எந்த வெப்சைட்டைத் தட்டினாலும் நெடுநேரம் வெள்ளைத் திரை, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் திறக்கிறது. பழைய மோடம் இடியில் போயிற்று. சனிக்கிழமை புதுசை மாட்டியது நான்தான். வேறு யாரைத் திட்ட?

ரோசா அக்கா வந்தார், கோவில்பத்திலிருந்து, குடை இல்லாமல். புருஷன் பாரிஸில் ஆஸ்பத்திரியில். வியாழக்கிழமை இதய ஆபரேஷன். அன்று காலை அவர் தம்பி கட்டிலுக்கே லேப்டாப் கொண்டுவருவாராம். நம் நேரம் பதினொன்றரை.

"போன்ல குரல்தான் வருது சாந்தி. எனக்கு மொகத்தப் பாக்கணும். ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

தம்பியைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தோம். 'இணைக்கிறது... இணைக்கிறது...' விட்டுவிட்டது. அக்கா புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

13, செவ்வாய்

தூறல். காரணம் பிடிபட்டது. ஒரு வெப்சைட் பெயரைக் கேட்டால் இரண்டு முகவரி வருகிறது: பழைய வகை, புது வகை. கம்ப்யூட்டர்களை ஓட்டும் லினக்ஸ் புதுசைத்தான் முதலில் தேடிப் போகிறது. மோடம் புது வகையைக் கொடுத்து வைத்திருக்கிறதே தவிர, அதில் வெளியே போக வழி இல்லை. போய் நின்று, சலித்து, அப்புறம்தான் பழசுக்கு வருகிறது. வெப்சைட் பொறுத்துக்கொள்கிறது. முகம் பார்த்துப் பேசும் புரோகிராம் அதற்குள் கைவிட்டுவிடுகிறது.

கடை முதலாளி, பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஊருக்கே 'முசியே', எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தீபாவளிக்குள்ள சரியாயிடுமா? இல்ல, ஆளக் கூப்புடட்டுமா?"

"நான்தாங்க ஆளு." குரல் எனக்கே கேட்கவில்லை.

நாளை:
– gai.conf கோப்பு. பழசுக்கு முதலிடம் தரும் வரி அதிலேயே இருக்கிறது, முன்னால் # போட்டு முடக்கி. # எடுக்க. ஏழிலும்.
– தீபாவளிக்கு மருதாணி.
– சரியாகும்வரை அக்காவிடம் வாயைத் திறக்காதே.

14, புதன்

# எடுத்தாயிற்று. வெப்சைட்டெல்லாம் பட்டென்று திறக்கிறது. அப்பாடா என்று அக்காவை வரச்சொன்னேன். கேமரா ஒன்றாம் நம்பரில் மட்டும்தான். உட்கார வைத்தேன். 'இணைக்கிறது... இணைக்கிறது...' அதே பாழாய்ப்போன திரை.

"எனக்குக் குடுத்து வைக்கலபோல" என்று அழுதுவிட்டார். கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரி. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

15, வியாழன்

மழை விட்டிருக்கிறது. கடை திறந்த கையோடு அக்கா. தலையில் பூ, பட்டுப்புடவை. "அழுத மூஞ்சியோட பாத்தா பயந்துடுவாரு."

பதினொன்றேகாலுக்கு, ஒன்றாம் நம்பரில் பட்டினச்சேரிக்காரர் ஒருவர் துபாய் மகனிடம் பேசப் பார்த்து, அலுத்துப்போய் எழுந்தார். "மூடலங்க, அப்புடியே வுட்டுருக்கேன்."

ஐயோ! இங்கே வழக்கமே அதுதானே. அந்தப் புரோகிராம் திறக்க நேரமாகும் என்று, அடுத்தவருக்காக யாரும் மூடுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை ராத்திரியும் அணைப்பதில்லை. திங்கள் முதல் அப்படியே திறந்து கிடக்கிறது. கோப்பை அது தொடங்கும்போது ஒரு தடவைதான் படிக்கும். நான் மாற்றியது அதற்குத் தெரியவே தெரியாது. மக்கு, மக்கு.

மூடினேன். திறந்தேன். திறந்து முடிப்பதற்குள் என் சாமிகளையும் அக்காவின் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டாயிற்று.

வந்துவிட்டது. முகம். ஆஸ்பத்திரி அங்கி, ஒட்டிய கன்னம்.

"என்னங்க இப்புடி எளச்சிட்டீங்க."

"நீ என்ன பட்டுல்லாம் கட்டிருக்க?"

யாரோ பிரெஞ்சில் அவசரப்படுத்தினார்கள். கட்டில் நகர்ந்தது. "சரி ரோசா, போறேன்" என்றார்.

அக்கா எழுந்தேவிட்டார். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "போறேன்னு சொல்லாதீங்க! போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க!"

உதடு அசைந்தது. குரல் கொஞ்சம் பின்னால் வந்தது. "போயிட்டு வர்றேன்டி."

மணி ஒன்றாகிறது. அங்கிருந்து இன்னும் தகவல் இல்லை. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. நான் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.